உயிர்க்குறிகள்: 'வைட்டல்ஸ்' என்று நாம் சொல்வது எதை?

நோயாளியின் கட்டில் கால்மாட்டில் தொங்கும் தாளை மருத்துவமனை வார்டுகளில் டி.பி.ஆர். சார்ட் என்பார்கள். டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன் என்ற மூன்றின் முதலெழுத்துகள் அவை. இரத்த அழுத்தம் நான்காவதாகவும், பல்ஸ் ஆக்சிமீட்டர் பரவிய பிறகு ஆக்சிஜன் செறிவு ஐந்தாவதாகவும் சேர்ந்துகொண்டன. தாளின் பெயர் மட்டும் மாறவில்லை. இந்த ஐந்தையும் சேர்த்துத்தான் செவிலியர் நாம் 'வைட்டல்ஸ் எடுத்தாச்சா?' என்று கேட்கிறோம்.

லத்தீனில் 'வீட்டா' என்றால் உயிர். அதிலிருந்து வந்த 'வைட்டல்' என்ற சொல்லின் முதற்பொருள் 'உயிரைச் சார்ந்த' என்பதே. 'மிக முக்கியமான' என்ற பொருள் ஆங்கிலத்தில் பின்னால் ஏறியது. இணையத்தில் 'முக்கிய அறிகுறிகள்' என்று காணப்படும் மொழிபெயர்ப்பு அந்தப் பின்பொருளைப் பிடித்துக்கொண்டு வழிதவறியது. அதில் 'அறிகுறி'யும் பொருந்தவில்லை. குமட்டல், தலைவலி போல நோயாளி உணர்ந்து சொன்னால்தான் நமக்குத் தெரிபவை ஒரு வகை. நாமே பார்த்தும் தொட்டும் அளந்தும் அறிபவை இன்னொரு வகை. தமிழில் 'அறிகுறி' இரண்டையும் சுமக்கிறது. சித்த மருத்துவமோ 'குறிகுணம்' என்று சேர்த்தே சொல்லிவிடும். வைட்டல்ஸ் நல்ல உடம்புக்கும் உண்டு. அது நோயின் அடையாளமன்று, உயிர் ஓடிக்கொண்டிருப்பதன் அடையாளம். ஆகவே 'உயிர்க்குறிகள்' என்பதே சரி. 'உயிர்நிலைக் குறிகள்' என்பதிலும் பிழையில்லை, கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

நோயாளி உணர்ந்து சொல்வது, நாம் அளந்து அறிவது என்ற இந்தப் பிரிவினை வெறும் இலக்கணமன்று. 1990களில் அமெரிக்காவில் வலியையும் 'ஐந்தாவது உயிர்க்குறி' ஆக்கினார்கள். வலியை அளக்கக் கருவி கிடையாது. நோயாளி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்வார், அதைக் குறித்துக்கொள்வோம். அந்த எண்ணைக் குறைத்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி அபினி வகை மருந்துகளை அளவுமீறி எழுத வைத்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே வலியை அந்தப் பட்டியலிலிருந்து விலக்கச் சொன்னது. வலியைக் கேட்க வேண்டும், எழுத வேண்டும். ஆனால் அது நோயாளி உணர்ந்து சொல்வது, நாம் அளந்தறியும் குறியன்று.

இனி நாடி. வடமொழி வழி வந்த இந்தச் சொல்லுக்குக் குழல் என்று பொருள். லத்தீன் வழி வந்த 'பல்ஸ்' என்பதற்கோ அடிப்பது, தள்ளுவது என்று பொருள். ஒன்று குழாயைச் சொல்கிறது, மற்றது அதில் வந்து மோதும் அலையை. ஆகையால் பல்ஸுக்கு முழுமையான இணை 'நாடித்துடிப்பு'. திருக்குறளின் 'நோய்நாடி நோய்முதல் நாடி'யைக் காட்டி, வள்ளுவரும் நாடி பிடித்தார் என்று மேடையில் சொல்பவர்கள் உண்டு. அங்கே வருவது 'ஆராய்ந்து' என்னும் வினை. தென்மாவட்டங்களில் முகவாயும் நாடிதான் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அங்கே 'நாடியைக் காட்டுங்க' என்றால் ஒருவர் முகத்தை நிமிர்த்தக்கூடும். 'கையைக் கொடுங்க, நாடி பார்க்கிறேன்' என்பது குழப்பமில்லாதது.

சித்த வைத்தியர் மூன்று விரல் வைப்பது வாதம், பித்தம், ஐயம் (கபம்) மூன்றையும் தனித்தனியே உணர. நாமும் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைத்தான் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வைக்கிறோம். ஆனால் நாம் பார்ப்பது எண்ணிக்கை, ஒழுங்கு, வலு. கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதிலேயே தெளிவான துடிப்பு இருப்பதால் நம் நாடியையே எண்ணிவிடுவோம். அழுத்திப் பிடித்தால் துடிப்பு அடங்கிவிடும். ஒழுங்காக இருந்தால் 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம், தாறுமாறாக இருந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு.

நாடித்துடிப்பும் இதயத்துடிப்பும் ஒன்றென்று எழுதுவது சார்ட்டில் அடிக்கடி நடக்கும் பிழை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நிலை) உள்ளவருக்கு இதயம் துடிக்கும் எல்லாத் துடிப்பும் மணிக்கட்டு வரை வந்து சேராது. அப்போது ஒருவர் இடப்பக்கம் ஐந்தாம் விலா இடைவெளியில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ண, அதே நிமிடத்தில் இன்னொருவர் மணிக்கட்டில் எண்ண வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 'நாடிக் குறைவு'. டிகாக்ஸின் என்ற இதய மாத்திரை கொடுக்கும் முன் மணிக்கட்டை நம்பாமல் நெஞ்சில் கேட்டு எண்ணச் சொல்வதும் இதனால்தான். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். 'டாக்கி' என்றால் கிரேக்கத்தில் விரைவு, 'பிராடி' என்றால் மந்தம். டாக்கிகார்டியா, பிராடிகார்டியா என்பவற்றை மிகைத்துடிப்பு, குறைத்துடிப்பு என்று சொன்னால் போதும்.

மூச்சு வீதத்துக்குச் சொற்சிக்கல் இல்லை; 'சுவாசம்' வடமொழி, 'மூச்சு' நம்முடையது. சிக்கல் எண்ணுவதில். 'மூச்சை எண்ணப்போகிறேன்' என்று சொன்ன மாத்திரத்தில் யாருடைய மூச்சும் மாறிவிடும். நாடி எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், பார்வையை மட்டும் மார்புக்கு மாற்றி, ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்குவது சேர்ந்து ஒரு மூச்சு. பெரியவர்களுக்கு 12 முதல் 20. பார்க்காமலே எல்லாருக்கும் 18 என்று எழுதும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. உடல்நிலை சரியத் தொடங்குவதை முதலில் காட்டிக்கொடுக்கும் குறிகளில் ஒன்றை அப்படி இழக்கிறோம்.

அதிகம் குழம்புவது இரத்த அழுத்தத்தில். தமிழ்நாட்டில் 'இரத்த அழுத்தம்', இலங்கைப் பாடநூல்களில் 'குருதியமுக்கம்'. அங்கே காற்றின் பிரஷரும் அமுக்கம்தான். பேச்சில் எங்கும் 'பிரஷர்'. ஆனால் மக்கள் வாயில் 'பிரஷர்' என்பது அளவின் பெயரன்று, நோயின் பெயர். 'எனக்குப் பிரஷர் இருக்கு' என்பார்கள். அதனால் 'பிரஷர் இருக்கா?' என்று கேட்டால், மாத்திரையால் அளவு சரியாக இருப்பவர் 'இப்போ இல்லைங்க' என்று சொல்லிவிடுவார். 'பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? இன்னைக்குக் காலையில போட்டீங்களா?' என்று இரண்டாகக் கேட்க வேண்டும். இதைவிடப் பெரிய இடறல் 'ஹைப்பர்டென்ஷன்'. அதிலுள்ள 'டென்ஷன்' இழுத்துப் பிடித்த நிலையைக் குறிக்கும். தமிழிலோ டென்ஷன் என்றால் மனப்பதற்றம். 'எனக்கு டென்ஷனே கிடையாதே, பிரஷர் எப்படி வரும்?' என்பவர்கள் மனம் அமைதியான வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். 'உயர் இரத்த அழுத்தம்' என்று சொல்லி, பதற்றம் இல்லாதவருக்கும் இது வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சொல்லின் கேடு நீங்கும்.

சிஸ்டோல் என்றால் கிரேக்கத்தில் சுருக்கம், டயஸ்டோல் என்றால் விரிவு. சுருக்கழுத்தம், விரிவழுத்தம் என்று எழுதலாம். நோயாளியிடம் 'மேல் அளவு, கீழ் அளவு' போதும். 1896இல் இத்தாலியர் ரிவா-ரோச்சி கையைச் சுற்றிக் காற்றுப்பட்டை (கஃப்) கட்டி, நாடி மறையும் புள்ளியை வைத்து மேல் அளவை மட்டும் எடுத்தார். 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரட்கோவ் அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டபோது கீழ் அளவும் கிடைத்தது. இன்றைய முறையில் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். கஃப்பின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2–3 செ.மீ. மேலே வரட்டும். முதலில் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துக் காற்றேற்றுங்கள். நாடி மறையும் எண்ணைக் குறித்து, காற்றை இறக்கிவிட்டு, மறுபடி அதைவிட 30 மி.மீ. (பாதரச அளவு) கூட ஏற்றி, விநாடிக்கு 2–3 மி.மீ. வீதம் இறக்கிக் கேளுங்கள். முதல் 'டொக்' மேல் அளவு, ஒலி அடங்கும் இடம் கீழ் அளவு. நாடி பார்க்கும் படியைத் தாண்டிவிட்டால் என்ன? உயர் அழுத்தம் உள்ள சிலருக்கு ஒலி நடுவே மறைந்து மறுபடி வரும். அந்த இடைவெளிக்குள் ஏற்றி நிறுத்தியவர் 180ஐ 140 என்று எழுதிவிடுவார்.

பருத்த கைக்குச் சின்னக் கஃப் கட்டினால் அளவு கூடும். உள்ளிருக்கும் காற்றுப்பை மேற்கைச் சுற்றளவில் 80 சதவீத நீளமாவது இருக்கவேண்டும். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும், முதுகுக்குச் சாய்மானமில்லாமல் உட்கார்ந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், பேசினாலும் கூடும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லிவிட்டு அளக்கும்போது 'எந்த ஊர்?' என்று விசாரித்தால் அந்த ஐந்து நிமிடம் வீண். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த வழி) வைத்த கையில் கஃப் கட்டவே கூடாது.

உடல் வெப்பத்துக்கு 98.6 ஃபாரன்ஹீட் என்பதைப் புனித எண்போல வைத்திருக்கிறோம். ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் சொன்ன 37 செல்சியஸை மாற்றிக் கிடைத்த எண் அது. காலைக்கும் மாலைக்கும் அரை செல்சியஸ் டிகிரி அளவுக்கு ஏறி இறங்குவது இயல்பு. அக்குள் அளவு வாயளவைவிடச் சுமார் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி குறையும், ஆகவே எங்கே வைத்து எடுத்தது என்று எழுதாத எண்ணுக்குப் பாதி மதிப்புதான். சூடான டீ குடித்தவருக்கு வாயில் வைக்கக் கால் மணி நேரமாவது பொறுக்கவேண்டும். ஆக்சிஜன் செறிவுக்கு விரலில் நகப்பூச்சு இருக்கக் கூடாது, விரல் சில்லிட்டிருக்கக் கூடாது. 'உயிர்வளி' அழகான சொல். வார்டில் ஆக்சிஜன் என்றால்தான் ஓடிவருவார்கள்.

நோயாளி தரும் சொற்களை எப்படி எழுதுவது என்பதில்தான் கவனம் அதிகம் வேண்டும். 'மயக்கமா இருக்கு' என்றால் தலைசுற்றலாக இருக்கலாம், கண் இருட்டியதாக இருக்கலாம், நினைவிழந்து விழுந்ததாகவும் இருக்கலாம். 'கீழே விழுந்தீங்களா? நினைவு இருந்துச்சா?' என்று கேட்காமல் 'மயக்கம்' என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒன்றும் புரியாது. 'மூச்சு வாங்குது' பெரும்பாலும் நடந்தால் வருவது; 'மூச்சு முட்டுது' அடைப்பு உணர்வு; 'இழுப்பு' சிலருக்கு வீசிங், சிலருக்கு வலிப்பு. யாழ்ப்பாணத்தவர் 'நோகுது' என்பது நம் 'வலிக்குது'. அவர்களுடைய 'தொய்வு' ஆஸ்துமா. 'லோ பிரஷர்' என்று ஒருவர் சொன்னால் சோர்வு என்று எடுத்துக்கொண்டு அளந்து பாருங்கள், பல சமயம் 120 இருக்கும். வலிக்கு எண் சொல்லத் தெரியாதவரிடம் குத்துதா, எரியுதா, கடுக்குதா, பிசையுதா என்று கேட்டால் உடனே பதில் வரும். சித்தர்களின் எண்வகைத் தேர்வில் நாடி, நா, விழியோடு 'மொழி'யும் ஒன்று. நோயாளி பேசும் விதமும் பார்க்கவேண்டியதே.

விளிப்பதில் 'அம்மா', 'ஐயா' எங்கும் தவறாது. 'பாட்டி' என்பது ஐம்பத்தைந்து வயதுக்காரரைப் புண்படுத்தும். தமிழ்நாட்டில் செவிலியர் 'சிஸ்டர்'; இலங்கையில் தாதியை 'மிஸ்ஸி' என்பார்கள், அங்கே 'சிஸ்டர்' வார்டுப் பொறுப்பாளர்.

கடைசியாக 'வைட்டல்ஸ் ஸ்டேபிள்'. 'ஸ்டேபிள்' என்றால் அசையாமல் நிற்கிறது என்றுதான் பொருள். உறவினர் காதில் அது 'நல்லா இருக்கார்' என்று விழும். வெண்டிலேட்டரில் இருப்பவரும், இரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஓடிக்கொண்டிருப்பவரும் ஸ்டேபிள்தான். வெளியே நிற்பவரிடம் 'காலையிலிருந்து பிரஷரும் துடிப்பும் மாறாம இருக்கு. மூச்சு மெஷின் உதவியிலதான் ஓடுது. தேறுவாரான்னு டாக்டர்தான் சொல்லணும், பதினொரு மணிக்கு வருவார்' என்று சொல்லலாம். அளந்ததை மட்டும் சொல்லி, கணிப்பை மருத்துவரிடம் விடும் வாக்கியம் அது.