மூன்று மாதம் மூடிக் கிடந்த குழாய்

2020 மார்ச் 18-இல் கோவிட் பரவலால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் உள்ள எங்கள் அலுவலகத்தைப் பூட்டினார்கள். ஜூனில் திரும்பிப் போனோம். வாசலில் உடல் வெப்பம் பார்த்தார்கள், கிருமிநாசினி கொடுத்தார்கள், மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். பேன்ட்ரியில் குழாயைத் திறந்தேன். பழுப்பாக, வெதுவெதுப்பாகத் தண்ணீர் வந்தது. தண்ணீரைப் பற்றி மட்டும் யாருக்கும் நினைவில்லை.

பழுப்பு நிறம் பெரும்பாலும் துருதான். என் கவலை கண்ணுக்குத் தெரியாததைப் பற்றியது.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தண்ணீரை அனுப்பும்போதே கொஞ்சம் குளோரினும் சேர்த்து அனுப்புவார்கள். வழியில் கிருமி பெருகாமல் காவல் காப்பது அதுதான். ஆனால் குழாயின் உட்சுவர்ப் படிவோடும் துருவோடும் வினைபுரிந்து அது தீர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம் தீரும். ஆட்கள் இருக்கும்போது நாள் முழுக்க யாராவது கை கழுவுவார்கள், புதுத் தண்ணீரோடு புதுக் குளோரினும் வரும். எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் அந்த ஓட்டம் நின்றுவிடும்.

அப்போது குழாய்க்குள் வழவழப்பாகப் படிந்திருக்கும் படலத்தில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகலாம். 1976-இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் நடந்த, ‘அமெரிக்கன் லீஜன்’ என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாட்டுக்கு வந்தவர்களில் 29 பேர் இனம் தெரியாத நிமோனியாவால் இறந்தார்கள். காரணமான கிருமியை மறு ஆண்டு ஜனவரியில்தான் கண்டுபிடித்தார்கள். அந்தச் சங்கத்தின் பெயரே கிருமிக்கும் வந்தது.

இதற்குப் பிடித்த வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 45 டிகிரி செல்சியஸ். குளிர் நாடுகளில் ஒரு விதி சொல்வார்கள்: குளிர்ந்த நீரை 20 டிகிரிக்குக் கீழும், சுடுநீரை 60 டிகிரியிலும் வையுங்கள். கோலாலம்பூர் வெயிலில் மாடித் தொட்டியில் கிடக்கும் தண்ணீர் எப்போது 20 டிகிரிக்கு இறங்கும்? அங்கே குளிரும் காவல் நிற்கிறது. நமக்குக் குளோரினும் ஓட்டமும்தான்.

சரி, இது உடம்புக்குள் எப்படிப் போகிறது? பொதுவாகக் குடிப்பதால் அல்ல. ஷவரிலோ, வேகமாகத் திறந்த குழாயிலோ, பெரிய கட்டடங்களின் ஏர்கோனுக்கான குளிர்விப்புக் கோபுரத்திலோ கிளம்பும் நுண்துளிகளை மூச்சோடு இழுப்பதால்தான். தண்ணீரில் இந்தப் பாக்டீரியா அமீபாவுக்குள் புகுந்து, அங்கேயே பெருகிப் பழகியது. நம் நுரையீரலில் கிருமிகளை விழுங்க வரும் காவல் செல்களிலும் அதே வித்தையைக் காட்டுகிறது. தன்னை விழுங்கியதையே வீடாக்கிக்கொள்கிறது. நான் படித்ததில் என்னை மிகவும் அசர வைத்தது இதுதான்.

அன்று துப்புரவு பார்க்கும் அக்கா எல்லாக் குழாய்களையும் முழு வேகத்தில் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். தண்ணீரை ஓடவிட்டது சரி, தெறிக்க விட்டதுதான் சரியில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும், தண்ணீர் ஓடும்போது வெளியே போய்விட வேண்டும். கட்டடத்துக்குள் நீர் நுழையும் இடத்தில் தொடங்கி, கடைசிக் குழாய் வரை புதுத் தண்ணீர் வந்து சேர வேண்டும். குடிநீர் வடிகட்டியையும் மாற்றுங்கள். அதிலுள்ள கரி குளோரினை எடுத்துவிடுவதால் அதைத் தாண்டிய தண்ணீருக்குக் காவலே இல்லை. கோபுரத்தைச் சுத்தம் செய்வது கட்டட நிர்வாகத்தின் வேலை. செய்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். வாரத்தில் பாதி நாள் வீட்டில் வேலை என்றாகிவிட்ட அலுவலகங்களில் யாரும் போகாத மூலைக் குழாய்களை வாரம் ஒரு முறையாவது திறந்துவிட வேண்டும்.

திரும்பிப் போன இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், கோவிட் சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களும் புகைப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பூட்டிக் கிடந்த கட்டடத்துக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தக் கிருமி செல்லுக்குள் ஒளிந்திருப்பதால் அமோக்சிசிலின் போன்ற மருந்துகள் வேலை செய்யாது. அசித்ரோமைசின் போல வேறு மருந்து வேண்டும். சந்தேகம் வந்தால்தான் அவரும் அதற்கான சிறுநீர்ப் பரிசோதனையை எழுதுவார்.