ஈரச் சுவருக்குச் சாயம் தீர்வல்ல

கோலாலம்பூரின் செந்தூலில் சென்ற வாரம் பார்த்த ஒரு வரிசை வீட்டில், பின்புறம் இழுத்து நீட்டிக் கட்டிய சமையலறைச் சுவருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று முறை சாயம் பூசியிருக்கிறார்கள். கடைசியாகப் பூசியது ‘தண்ணீர் புகாத சாயம்’ என்று அதிக விலைக்கு விற்கப்பட்டது. அதுவும் கொப்பளித்து, விரல் பட்டாலே உதிர்கிறது. அந்தச் சுவரில்தான் சாமிப் படங்களை மாட்டியிருக்கிறார்கள். படங்களின் பின்பக்கமெல்லாம் கரும்பூஞ்சணம். வீட்டில் இளைப்பு நோயுள்ள சிறுமி ஒருத்தி இருக்கிறாள். “தம்பி, இதைவிட நல்ல சாயம் எது?” என்று அந்த அம்மா கேட்டார். கெப்போங்கிலும் செத்தாபாக்கிலும் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு மனம் அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

உள்பக்கம் பூசும் எந்தச் சாயமும் வெளியிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தாது. எந்த நிறுவனத்தின் சாயமானாலும் சரி, எவ்வளவு விலையானாலும் சரி. செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் தண்ணீரை உறிஞ்சுபவை. நனைந்த சுவர் காய வேண்டுமானால் அந்த ஈரம் ஏதாவது ஒரு பக்கமாக வெளியேற வேண்டும். உள்பக்கத்தைச் சாயத்தால் அடைத்துவிட்டால், ஈரம் அதன் பின்னால் தேங்கிச் சாயத்தையே பிரித்துத் தள்ளுகிறது. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பு தண்ணீரில் கரைந்து வந்து மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கிறது. பூச்சுக்குள்ளேயே படிந்தால் பூச்சை உடைக்கிறது. சுரண்டிவிட்டு மறுபடி பூசினால் என்ன மாறும்? உப்பும் அங்கேயே இருக்கிறது, ஈரமும் அங்கேயே இருக்கிறது. சிலர் சுரண்டக்கூட மெனக்கெடாமல் மேலே ஜிப்சம் பலகை அடித்து மறைத்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூஞ்சணம் செழித்து வளர்கிறது. குடியிருப்பவர்கள் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். தண்ணீர் வரும் வழியை அடைத்து, சுவரைக் காயவிட்டு, உப்பைத் துலக்கி எடுத்த பிறகுதான் சாயத்தின் முறை வரும்.

வழியைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். மழை பெய்த சில மணி நேரத்தில் ஈரம் கூடினால் கூரையையும் வெளிச்சுவரையும் பாருங்கள். மழையே இல்லாத வாரத்திலும் ஈரம் அப்படியே இருந்தால், மேல்தொட்டி நிறைந்ததும் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். அது ஓடினால் குழாயில் கசிவு இருக்கிறது. கழிவுக் குழாயின் கசிவை மட்டும் மீட்டர் காட்டாது.

இழுத்துக் கட்டிய வீடுகளில் நான் முதலில் பார்ப்பது பழைய சுவரும் புதிய கூரையும் சேரும் கோட்டை. கோலாலம்பூரில் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்த தாமான்கள் (வீடமைப்புப் பகுதிகள்) உண்டு. அப்படிப்பட்ட மண்ணில் பழைய வீட்டுக்கு ஆழமான அடித்தளமும் புதிய சமையலறைக்கு மேலோட்டமான அடித்தளமும் போட்டால், இரண்டும் ஒரே அளவில் இறங்காது. இணைப்பில் விரிசல் வந்தே தீரும். அதைச் சிமெண்டால் அடைப்பது வீண் வேலை. அசைவைத் தாங்கும்படி இடைவெளி விட்டு, நெகிழ்ந்து கொடுக்கும் பசையால் நிரப்ப வேண்டும். கூரை இணைப்புக்கு மேலே வரும் தகட்டைப் பழைய சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி உள்ளே செருக வேண்டும். தகட்டைச் சுவர்மேல் ஒட்டி, ஓரத்தில் சிலிக்கோன் தடவிவிட்டுப் போனால் நம் ஊர் வெயிலில் அது வெடித்துப் பிரிந்துவிடும். இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மாலை நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. காடி வெட்டாத கட்டுமானக் குத்தகையாளரிடம் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, பக்கத்து வீட்டைப் பார்த்திருக்கும் எல்லைச் சுவர். உள்பக்கம் தரையிலிருந்து கூரை வரை அழகாக டைல் பதித்திருப்பார்கள். வெளிப்பக்கம் பூச்சே இல்லாத வெறும் செங்கல். பூச வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்குள் போய்ச் சாரம் கட்ட வேண்டும். கேட்கத் தயங்கி அப்படியே விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டார் பின்புறம் இன்னும் கட்டவில்லை என்றால் காற்றோடு வரும் சாரல் முழுவதையும் அந்தச் செங்கல்தான் குடிக்கிறது. வேலை தொடங்கும் முன்பே போய்க் கேளுங்கள். எந்த நாளில் சாரம் கட்டுவோம், எப்போது பிரிப்போம், சிமெண்ட் சிதறினால் கழுவித் தருவோம் என்று விவரமாகச் சொல்லுங்கள். முறையாகக் கேட்டு மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இரு வீட்டாருமே கட்டிவிட்டால், இரண்டு சுவர்களுக்கும் இடையிலுள்ள சந்தின் மேல்வாயைத் தகடு போட்டு மூட வேண்டும். யார் செலவு என்ற சண்டையில் இரண்டு வீட்டுச் சுவரும் ஆண்டுக்கணக்கில் நனைந்துகொண்டிருக்கும் தெருக்கள் உண்டு. தயவுசெய்து பகிர்ந்துகொள்ளுங்கள்.

தரைக்குக் கான்கிரீட் போடும் முன் கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் போடச் சொல்லி, நேரில் நின்று பாருங்கள். சுவரடியில் வைக்கும் ஈரத்தடுப்புப் பட்டை வெளித்தரையிலிருந்து குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பிறகு முற்றத்துக்கு டைல் போட்டு உயர்த்தி, அந்தப் பட்டையை மண்ணுக்கடியில் தள்ளிவிடாதீர்கள். மாடியில் குளியலறை கட்டினால், நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும், டைல் பதிக்கும் முன், வடிகால் வாயை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்த்தளத்தைப் பாருங்கள். மாநகர் மன்ற அனுமதி இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்; அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

குளிர்சாதன அறையின் ஈரம் வேறு வகை. ‘சன்னலைத் திறந்து வையுங்கள், ஈரம் போய்விடும்’ என்று காணொளிகளில் சொல்வது குளிர் நாட்டு வீடுகளுக்கு. நம் இரவுக் காற்று ஈரம் நிறைந்தது. ஏறக்குறைய 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மீது பட்டாலும் தண்ணீராகப் படியும். அறையை 18 டிகிரியில் வைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தால் சுவர் நனையும். வெளிச்சுவரின் உள்பக்கம் பிளாஸ்டிக் சுவர்த்தாள் ஒட்டினால், வெளியிலிருந்து சுவர் வழியே வரும் ஈரமும் தாளுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால், குளிர்சாதனத்தை வழக்கம்போல் பயன்படுத்திக்கொண்டே, ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். துளிகள் அறைப் பக்கம் படிந்தால் அது காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் படிந்தால் சுவருக்குள் இருந்து வருகிறது.

இன்னொரு வேண்டுகோள். ‘தீபாவளிக்குள் முடித்துக் கொடுங்கள்’ என்று குத்தகையாளரை நெருக்காதீர்கள். அக்டோபரும் நவம்பரும் இங்கே கடும் மழை மாதங்கள். புதிய சிமெண்ட் பூச்சு காய நான்கு வாரமாவது வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அவசரப்படுத்தினால் தண்ணீர் தேக்கும் சோதனையைத்தான் முதலில் கைவிடுவார்கள். மழை குறைவான ஜூன், ஜூலையில் வேலையைத் தொடங்குங்கள். தாமதமாகிவிட்டால், விருந்தாளிகள் வெறும் சிமெண்ட் சுவரைப் பார்த்தால் பார்க்கட்டும். சாயத்தைப் பொங்கலுக்குப் பூசிக்கொள்ளலாம்.