வீடியோவை கன்வெர்ட் செய்யுங்கள், ஒரிஜினலை மட்டும் அழிக்காதீர்கள்

பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றுவதும், வீடியோ ஃபைல்களைச் சரிசெய்து கொடுப்பதும்தான் என் தொழில். வருகிறவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. டிவியில் ஓடவில்லை, அல்லது இடத்தை அடைக்கிறது என்று ஏதோ ஒரு இலவச கன்வெர்ட்டரை இறக்கி, ஃபோல்டர் முழுவதையும் எம்பி4 ஆக்கி, ஓடுகிறது என்று தெரிந்ததும் பழையதை அழித்துவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் பெரிய திரையில் போடும்போதுதான் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அதற்குமேல் என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு, ஏனென்றால் சுருக்கும்போது தூக்கியெறியப்பட்ட விவரம் அந்த ஃபைலில் இல்லவே இல்லை. செயற்கை நுண்ணறிவால் துல்லியமாக்கித் தருகிறோம் என்கிற கருவிகள் இல்லாததை ஊகித்துத்தான் வரைகின்றன. பாட்டியின் முகம் பளிச்சென்று வரும், ஆனால் அது பாட்டியின் முகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் எந்த கன்வெர்ட்டர் நல்லது என்று என்னிடம் கேட்டால், முதலில் இந்த ஃபைலை மாற்றத்தான் வேண்டுமா என்று திருப்பிக் கேட்பேன். கணினியில் ஓடவில்லை என்றால் விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே ஓடும், வேலை அங்கேயே முடிந்துவிடும். டிவியில்தான் ஓடவில்லை என்றால் கொஞ்சம் உள்ளே பார்க்க வேண்டும். பெயரின் கடைசியில் வரும் எம்கேவி, ஏவிஐ, எம்பி4 எல்லாம் கன்டெய்னரின், அதாவது படத்தையும் ஒலியையும் போட்டு வைக்கும் பெட்டியின், பெயர்கள். அதற்குள் படம் ஒரு கோடெக்கில், அதாவது ஒரு சுருக்கும் முறையில், இருக்கும், ஒலி வேறொரு கோடெக்கில் இருக்கும், சப்டைட்டில் தனியாக இருக்கும். டிவிக்குப் பிடிக்காதது இதில் எது என்று தெரியாமல் மாற்ற ஆரம்பித்தால் தேவையில்லாமல் எல்லாவற்றையும் மாற்றுவோம். விஎல்சியின் டூல்ஸ் மெனுவில் கோடெக் விவரம் இருக்கிறது, மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் தெளிவாகக் காட்டும்.

எம்கேவி ஃபைல், உள்ளே படம் எச்.264, ஒலி ஏஏசி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் அநேகமாக எல்லா டிவியும் ஏற்கும், எம்கேவி கன்டெய்னர்தான் பிரச்சினை. அப்படியென்றால் படத்தையும் ஒலியையும் தொடாமல் அப்படியே எடுத்து எம்பி4-க்குள் வைத்தால் போதும், இதைத்தான் ரீமக்ஸ் என்கிறோம். எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளை தட்டச்சு செய்து இயக்கும் மென்பொருள் தெரிந்தவர்கள் அதில் காப்பி என்ற கட்டளையைக் கொடுப்பார்கள். கட்டளை தட்டச்சு செய்ய விருப்பமில்லை என்றால் லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் இருக்கிறது, மவுஸாலேயே முடித்துவிடலாம். இரண்டு மணி நேரப் படம்கூட ஃபைலை காப்பி செய்கிற நேரத்தில் முடிந்துவிடும், தரம் துளியும் குறையாது. ஒலி மட்டும் டிடிஎஸ் என்ற கோடெக்கில் இருப்பதால் டிவியில் சத்தம் வரவில்லையா? ஒலியை மட்டும் ஏஏசிக்கோ ஏசி3-க்கோ மாற்றுங்கள், படத்தை விட்டுவிடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள், எல்லோரும் சிபாரிசு செய்யும் ஹேண்ட்பிரேக் அருமையான மென்பொருள்தான், ஆனால் அது படத்தை அப்படியே கடத்தாது, எப்போதும் புதிதாக என்கோட் செய்துதான், அதாவது பிரித்து மறுபடி சுருக்கித்தான், தரும். ரீமக்ஸ் போதும் என்கிற இடத்தில் அதை எடுக்காதீர்கள்.

சரி, உண்மையிலேயே என்கோட் செய்ய வேண்டிய சமயமும் உண்டு. இப்போதைய போன்களில் பல எச்.265 என்ற புதிய கோடெக்கில் பதிவு செய்கின்றன, பழைய டிவிக்கு அது புரியாது. அப்போது எச்.264-க்கு மாற்றித்தான் ஆகவேண்டும். ரெசல்யூஷனையும் ஃபிரேம் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை படம்) ஒரிஜினலில் இருப்பது போலவே விடுங்கள். 720-ஐ 4கே ஆக்கினால் ஃபைல்தான் பெருக்கும். தரத்துக்கு ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப் என்ற எண் இருக்கிறது, எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெரிதாகும். குடும்ப வீடியோவுக்கு நான் எக்ஸ்264 என்ற எச்.264 என்கோடரில் 18-லிருந்து 20-க்குள் வைப்பேன். அளவு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்றால் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஆகும் டேட்டா அளவை, பாருங்கள்: நொடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி, எந்த மென்பொருளில் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கிராபிக்ஸ் கார்டை வைத்து வேகமாக முடிக்கும் வசதி, அவசரமாக ஒருவருக்கு அனுப்பப் பரவாயில்லை. அதே ஃபைல் அளவுக்குள் எக்ஸ்264 நிதானமாகச் செய்து தரும் தரம் பெரும்பாலும் அதில் வராது, ஆகவே காலத்துக்கும் வைத்திருக்க வேண்டியதை ராத்திரி முழுக்க ஓடவிட்டாவது மெதுவான செட்டிங்கில் செய்யுங்கள்.

நான் அதிகம் வருத்தப்படுவது இன்டர்லேஸ் விஷயத்தில்தான். பழைய ஹேண்டிகேம் கேசட், டிவிடி, எம்டிஎஸ் என்று முடியும் கேம்கார்டர் ஃபைல்கள், இவற்றில் பெரும்பாலானவை ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல. பால் (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 50 தடவை, ஒரு தடவை ஒற்றை வரிகள், மறு தடவை இரட்டை வரிகள் என்று மாற்றி மாற்றி எடுத்திருக்கும். ஒரு குழந்தை கையை ஆட்டுகிற இடத்தில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள், கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி வரிவரியாகத் தெரிந்தால் அது இன்டர்லேஸ். அதைக் கவனிக்காமல் கன்வெர்ட்டர் படத்தைச் சிறிதாக்கினால் இரண்டு நேரத்துக் கைகளும் ஒன்றாகக் குழைந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. ஒற்றை, இரட்டை வரிகளில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்கிற கருவியும் உண்டு, அதில் அசைவு பாதியாகிவிடும். ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் பகுதியில், ஒவ்வொரு தடவை எடுத்ததையும் தனிப் படமாக்கும் பாப் (Bob) என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட்டை 50 என்று வையுங்கள். ஓடுகிற பிள்ளை அன்று ஓடிய அதே வழவழப்போடு ஓடும். எத்தனையோ பேர் கேசட்டில் இருந்த அந்த அசைவை இழந்துவிட்டு, பழைய கேமரா அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அப்புறம், ஆன்லைன் கன்வெர்ட்டர்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் வீடியோவை யாரென்றே தெரியாத ஒருவரின் சர்வரில் ஏற்றுகிறோம் என்பதே முதலில் யோசிக்க வேண்டியது. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம், இலவச ஃபைல் கன்வெர்ட்டர்கள் வழியாக வைரஸ் பரப்புகிறார்கள் என்று எச்சரித்தது. கேட்ட ஃபைலை மாற்றிக் கொடுத்துவிட்டு, கூடவே வைரஸையும் அனுப்புவார்கள், வேலை நடந்துவிட்டதால் நமக்குச் சந்தேகமே வராது. நல்ல மென்பொருளையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அங்கேயும் கவனம் வேண்டும், 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக்கின் ஒரு டவுன்லோடு சர்வரையே ஹேக் செய்து, மேக் கணினிகளுக்கான ஃபைலில் வைரஸைச் சேர்த்துவிட்டார்கள். அப்போது தளத்தில் தந்திருந்த செக்சம் எண்ணோடு (ஃபைல் மாறியிருக்கிறதா என்று காட்டும் எண்) ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பித்தார்கள்.

மாற்றி முடித்ததும் முதல் பத்து நொடி பார்த்துவிட்டு மூடாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போய் உதட்டசைவும் குரலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். போன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும், சில மென்பொருள்கள் அதைச் சீரான ரேட் என்று நினைத்துக்கொள்வதால் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகும், தொடக்கத்தில் தெரியவே தெரியாது. மொத்த நீளம் ஒரிஜினலோடு ஒத்துப்போகிறதா, சப்டைட்டிலும் இரண்டாவது ஒலியும் வந்திருக்கின்றனவா, நிறம் வெளிறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எச்டிஆர் என்ற, வெளிச்சமும் நிறமும் கூடுதலாகப் பதியும் முறையில் எடுத்ததைச் சாதாரண எச்.264 ஆக்கும்போது வெளிறுவது சகஜம். எடுத்த தேதியும் அடிக்கடி தொலைந்துபோகும், பத்து வருடத்துக்கு முந்தைய பிறந்தநாள் கேலரியில் இன்றைய தேதியில் வந்து நிற்கும். ஆகவே தேதியை ஃபைல் பெயரிலேயே எழுதி வைப்பது நல்லது.

ஹேண்டிகேமின் அந்தச் சின்ன டிஜிட்டல் கேசட்டை அப்படியே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும். பெரிதாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அதை அப்படியே இரண்டு வேறு டிஸ்க்குகளில் வையுங்கள். உறவினருக்கு அனுப்பவும் போனில் பார்க்கவும் அதிலிருந்து ஒரு சின்ன எம்பி4 எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு கோடெக் வந்தாலும் அந்த 13 ஜிபி ஃபைலிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும், இந்த எம்பி4-இலிருந்து எடுக்கக் கூடாது.