ஏழுகிணற்றுக் கண்ணாடி

ஏழுகிணறு வீராசாமி தெருவில் வள்ளலார் சிறுவயதில் வாழ்ந்த வீடு இருக்கிறது. அதன் மாடியறையில் கண்ணாடியொன்றை மாட்டி, முன்னால் விளக்கேற்றி, வைத்த கண் வாங்காமல் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் கண்ணாடிக்குள் தணிகை முருகன் காட்சி கொடுத்தான். கண்டதை அப்படியே பாட்டாகப் பாடினார் என்கிறது அவர் வரலாறு.

மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தினால் சுற்றியிருப்பவை மெல்லக் கரைந்துபோகும். 1804இல் டிராக்ஸ்லர் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். மாறாத காட்சிக்குப் பார்வை நரம்புகள் பழகி ஓய்ந்துவிடுகின்றன. அந்த வெற்றிடத்தை மூளை சும்மா விடாது, தன் கையிருப்பைக் கொண்டு நிரப்பும். 2010இல் இத்தாலிய உளவியலாளர் ஜியோவானி கபுட்டோ 50 பேரைத் தனித்தனியே மங்கிய அறையில் 10 நிமிடம் கண்ணாடி முன் உட்காரவைத்தார். ஒரு நிமிடத்துக்குள்ளேயே பலருக்கு முகம் மாறத் தொடங்கியது. சிலர் தாய் தந்தையரின் முகத்தைப் பார்த்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் விசித்திர உருவங்களைப் பார்த்தார்கள்.

சரி, வள்ளலார் கண்டதும் இதுதானா? கண்மயக்கு என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உருவம் எழும் வழியைத்தான் சோதனை காட்டுகிறது. எந்த உருவம் எழும் என்பது, பார்ப்பவர் அதுவரை மனதில் சேர்த்துவைத்ததைப் பொறுத்தது என்றே நினைக்கிறேன். அந்தச் சிறுவர் படிக்கப் போகாமல் கந்தகோட்டத்தில் முருகனைப் பாடிக் கிடந்தவர். நெஞ்சு நிறைய ஆறுமுகம், நாவு நிறையத் தமிழ். மற்றவர்கள் மிரண்டுபோன கண்ணாடியில் அவருக்குத் தெய்வம் தெரிந்தது, அது யாப்போடு பாட்டாகவும் வந்தது.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் துறைமுகம். 1912இல் மாதம் 30 ரூபாய்க்குக் கணிதமேதை ராமானுஜன் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்த இடம். தன் சூத்திரங்கள் நாமக்கல் தெய்வமான நாமகிரித் தாயார் அருளியவை என்று அவர் நம்பினார். அவரும் மனதில் நிறையச் சேர்த்துவைத்தவர்தான். பள்ளி நாட்களிலேயே ஆயிரக்கணக்கான தேற்றங்களைத் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர் அவர். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். அழிந்துபோன அந்த வழிகளைக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் தேடினார்கள்.