பெரிய கடைக்குச் சரக்குப் போட எந்தச் சான்றிதழை முதலில் எடுப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் முறுக்கு, மிளகாய்த்தூள், ஊறுகாய் செய்து விற்பவர்கள் பலருக்கு சூப்பர்மார்க்கெட்டுக்குச் சரக்குப் போட ஆசை. கடையில் கேட்டால் 'செர்டிஃபிகேட் இருக்கா?' என்கிறார்கள். எந்த செர்டிஃபிகேட் என்று சொல்வதில்லை. அடுத்த வாரமே ஒரு ஏஜெண்டு வீட்டுக்கு வந்து ஐஎஸ்ஓ (உலகத் தரநிலைச் சான்றிதழ்), ஹச்ஏசிசிபி (உணவில் ஆபத்து வராமல் தடுக்கும் முறைக்கான சான்றிதழ்), ஹலால் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் என்று ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்கிறார். நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பணம் கட்டும் முன் கடையின் கொள்முதல் அதிகாரிக்கு ஒரு வாட்சாப்பாவது அனுப்புங்கள்: 'இந்தப் பொருளுக்கு எந்தச் சான்றிதழ் கட்டாயம், எது இருந்தால் நல்லது?' பதில் எழுத்தில் வரட்டும். வாயால் சொன்னது அதிகாரி மாறினால் போயிற்று. சிறு தயாரிப்பாளரிடம் ஐஎஸ்ஓ கேட்கும் கடை குறைவு. பெரும்பாலும் வரும் பதில் மெஸ்தி என்னும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ், ஹலால், சரியான லேபிள்.

அதற்கு முன் அடித்தளம். எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) வியாபாரப் பதிவு, சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் 60 ரிங்கிட். பிறகு நகராண்மைக் கழக லைசன்ஸ், சுகாதார அமைச்சில் உணவு வளாகப் பதிவு. உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் பயிற்சிச் சான்றிதழும் டைஃபாய்டு ஊசியும் வேண்டும். மாவு பிசைய வரும் சித்தியும் இதில் அடக்கம். வளாகப் பதிவும் பயிற்சியும் ஊசியும் 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளில் இருக்கின்றன. இந்த அடித்தளத்தை விட்டுவிட்டு மேலே ஏறினால் ஒவ்வொரு கவுண்டரிலும் திருப்பி அனுப்புவார்கள்.

முதல் பொறி வீடுதான். தோட்டத்து லயத்து வீடு உங்கள் பெயரில் இல்லை, நிர்வாகத்தின் சொத்து. உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் லைசன்ஸ் நகராது. அந்தக் கடிதத்துக்காக மானேஜரிடம் போனால் ஹெட் ஆபீஸ் என்பார், ஹெட் ஆபீஸ் மானேஜரைக் கேள் என்னும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடாக இருந்தாலும் குடும்பத்துக்குச் சமைக்கும் அடுப்பும் விற்பனைக்குச் செய்யும் அடுப்பும் ஒரே இடத்தில் இருந்தால் மெஸ்தி கிடைக்காது. பின்கட்டைத் தடுத்துத் தனி அறை ஆக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் கடைவீட்டில் ஒரு சிறு இடம் வாடகைக்கு எடுப்பது ஏஜெண்டுக்குக் கொடுப்பதைவிட மேல்.

மெஸ்தி சுகாதார அமைச்சு தருவது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. 'மெஸ்தி எடுத்துத் தர இவ்வளவு' என்று யாராவது கேட்டால் அது ஃபாரம் நிரப்பிக் கொடுக்கும் கூலி மட்டும்தான். அமைச்சின் ஆள் வந்து பார்ப்பது இடத்தை மட்டும் அல்ல, நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்து: என்றைக்கு எவ்வளவு செய்தீர்கள், மாவு எங்கே வாங்கினீர்கள், எப்போது கழுவினீர்கள், எலி, கரப்பானுக்கு என்ன செய்தீர்கள். விண்ணப்பித்த பிறகு எழுத ஆரம்பித்தால் எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்று தெரிந்துவிடும். இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். இன்னொன்று, மெஸ்தி முகவரிக்குக் கட்டுப்பட்டது. இடம் மாறினால் மீண்டும் முதலிலிருந்துதான்.

அலுவலக அலைச்சல் பற்றி ஒரு வார்த்தை. மாவட்டச் சுகாதார அலுவலகம் இருப்பது கோலகங்சாரில். ஒரு தாள் குறைந்தாலும் இன்னொரு நாள் கூலி போச்சு. போவதற்கு முன் போன் செய்து தேவையான ஆவணப் பட்டியலைக் கேட்டு, பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். பட்டியலில் இல்லாத தாளைக் கவுண்டரில் கேட்டால் அந்தக் குறிப்பைக் காட்டலாம். ஐசி (அடையாள அட்டை), எஸ்எஸ்எம், லைசன்ஸ் மூன்றிலும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். 'நோ. 12' என்பதும் 'லோட் 12' என்பதும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்குத் தோன்றாது.

ஹலால் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் பெரிய கடைகள் அது இல்லாமல் வாங்கத் தயங்கும். முஸ்லிம் அல்லாதவரும் ஹலால் சான்றிதழ் தரும் ஜாக்கிம் என்ற அரசு இஸ்லாமியத் துறையிடம் விண்ணப்பிக்கலாம். நம்மவர்கள் விழும் இடங்கள் இரண்டு. தயாரிப்பு இடத்தில் வழிபாட்டுப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, சாமி படமும் ஊதுபத்தித் தட்டும் சேர்த்துத்தான். அவற்றை வீட்டுப் பக்கம் கொண்டு போய்விடுங்கள். அடுத்து, முஸ்லிம் ஊழியர் வேண்டும். குடும்பமே வேலை செய்யும் இடத்துக்கு இது கூடுதல் சம்பளம், ஆகவே முதலில் கணக்குப் போடுங்கள். மளிகைக் கடையில் பொட்டலமாக வாங்கும் கலர் பொடி, எசன்ஸ் இவற்றுக்கும் ஹலால் ஆதாரம் கேட்பார்கள். சான்றிதழ் கைக்கு வரும் முன் 'ஹலால்' என்றோ 'முஸ்லிம்கள் சாப்பிடலாம்' என்றோ லேபிளில் அச்சடித்துவிடாதீர்கள். தனிநபருக்கும் பெரிய அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ வரலாம்.

லேபிள் மலாயில் இருக்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கூடுதலாக இருக்கலாம், தனியாக நிற்க முடியாது. அழகான தமிழ் லேபிளை ஆயிரக்கணக்கில் அச்சடித்துவிட்டுத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். மலாய் லேபிள் சரிபார்க்கும் வரை பிரிண்டரிடம் போகாதீர்கள்.

ஐஎஸ்ஓ கட்டாயம் என்று எழுத்தில் கேட்டால் மட்டும் எடுங்கள். ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை, தரநிலையை எழுதி வெளியிடுவதோடு சரி. தருவது தனி நிறுவனங்கள். அந்த நிறுவனம் ஜபாத்தான் ஸ்டாண்டர்ட் மலேசியா என்ற அரசுத் தரநிலைத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 'இரண்டு வாரத்தில் சான்றிதழ்' என்பவர் அந்தப் பட்டியலில் அநேகமாக இருக்க மாட்டார். சான்றிதழில் 'ஸ்கோப்' (எந்தத் தொழிலுக்கு அது செல்லும்) என்ற வரியையும் படியுங்கள். நீங்கள் மசாலா செய்கிறவர், அதில் 'வணிகம்' என்று போட்டிருந்தால் கடைக்கு அது குப்பை.

அரசாங்க ஆஸ்பத்திரி, பள்ளி விடுதிக்குப் போட நினைப்பவர்களுக்கு நிதியமைச்சுப் பதிவு தனி, இபெரோலேஹான் என்ற அரசுக் கொள்முதல் இணையதளத்தில். மெஸ்தி இதற்கு ஈடாகாது. பதிவில் 'கோட் பிடாங்' (பொருள் வகைக் குறியீடு) தவறாகத் தேர்ந்தால் உங்கள் பொருளுக்கு அழைப்பே வராது. வேறொருவரின் பதிவில் உங்கள் சரக்கை அனுப்பலாம் என்ற யோசனைக்குத் தலையாட்டாதீர்கள். பில் அவர் பெயரில் போகும், பணமும் அவர் கணக்குக்குத்தான் வரும்.

கடைக்கு எழுதும் முதல் வாட்சாப்பிலேயே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: பணம் எத்தனை நாளில்? 60 நாள் என்றால் அந்த 60 நாளும் மாவும் எண்ணெயும் வாங்கக் கையில் காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.