குதிரைக்குத் தோள் பிடித்தால் குளம்பைப் பாருங்கள்

பள்ளிகொண்டா பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட் ஓட்டுகிற ஒருவர் போன வைகாசியில் போன் செய்தார். "டாக்டர் சார், தோள்ல சதை புடிச்சிக்கினு இருக்குது. பத்து நாளா நல்லெண்ணெய காய்ச்சித் தேய்க்கிறேன், கேக்கவே மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பெண் குதிரை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்து, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. அந்த நிற்கும் விதமே பாதி சொல்லிவிட்டது. குனிந்து முன்னங்குளம்பைத் தொட்டேன், கொதித்தது. கணுவின் பின்பக்கம் ஓடும் நாடியை நல்ல குதிரையிடம் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதனிடம் விரலை வைத்ததுமே திம் திம்மென்று அடித்தது.

இது லேமினைட்டிஸ். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்துப் பிடித்திருக்கும் மெல்லிய மடிப்புகள் அழற்சி கண்டுவிடும். கெட்டியான குளம்புக்குள் வீங்கவும் இடமில்லை. நகக்கண்ணில் சீழ் கோத்தால் நமக்கு எப்படித் தெறிக்கும்? அந்த வலியோடு முன்னங்கால்களில் நிற்க வேண்டும், சாதாரணமாக உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தைத் தாங்குகிற கால்கள் அவை. முற்றினால் எலும்பே பிடி விட்டுக் கீழே இறங்கும்.

விசாரித்ததில், நோவு தொடங்குவதற்கு முன்பு ஒரு கோயில் திருவிழாவில் ஆளாளுக்குச் சர்க்கரைப் பொங்கலை அன்பாக ஊட்டியிருக்கிறார்கள். மாவுச்சத்து ஒரேயடியாகக் குடலுக்குப் போனால் அது குளம்பில் வந்து வெடிக்கும். தயவுசெய்து குதிரைக்குப் பிரசாதம் ஊட்டாதீர்கள். ஊட்ட வருகிறவர்களையும் தடுத்துவிடுங்கள். தார் ரோட்டில் ஓயாமல் ஓட்டுவதும் குளம்புக்கு ஆகாது.

முதல் இரண்டு மூன்று நாளில் கூப்பிட்டிருந்தால், ஐஸ் தண்ணீரில் காலை நிறுத்தியே பெரிய சேதத்தைத் தடுக்க வாய்ப்பு இருந்தது. அந்த நாட்கள் எண்ணெய் தேய்ப்பதில் போய்விட்டன. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஆனால் அவர் தோளைச் சொன்னது பொய்யில்லை. குளம்பு வலியைத் தவிர்க்க உடம்பைக் கோணி நின்று நின்று தோள், கழுத்தடி, இடுப்பு, பின்தொடை எல்லாம் கட்டையாக இறுகியிருந்தன. மருந்து கொடுத்து, குளம்புக்குத் தாங்கல் கட்டி, ஆற்று மணலைத் தடிமனாகக் கொட்டி அதில் நிறுத்தி, சூடு தணிந்த பிறகுதான் நான் கை வைத்தேன். முட்டிக்குக் கீழே குதிரைக்குச் சதை கிடையாது, நரம்பும் தசைநாரும்தான். அங்கே தேய்த்துப் பலனில்லை.

உள்ளங்கையைப் பதித்து, கையின் பாரம் மட்டும் இறங்கும்படி, கழுத்தடியிலிருந்து தோளுக்கு மெதுவாக வர வேண்டும். கட்டை விரலால் குத்திப் பிசையக் கூடாது. இறுகிய இடம் வந்தால் கையை எடுக்காமல் காத்திருங்கள். மூன்றாம் நாள் அந்தக் குதிரை தலையைத் தாழ்த்தியது, கீழுதடு தொங்கியது, வாயைச் சப்புக்கொட்டியது, அப்புறம் நீளமாக ஒரு பெருமூச்சு. "தூக்கம் வருதா சார்?" என்று மெல்லக் கேட்டார் அவர். வலி தளர்கிறது என்றேன். அடுத்த நாளிலிருந்து காலையும் மாலையும் கால் மணி நேரம் அவரே பிடித்துவிட்டார்.

காலைத் தூக்கி நீட்டி இழுக்க மட்டும் வேண்டாம். ஒரு முன்னங்காலைத் தூக்கினால் மொத்தப் பாரமும் நோகிற மற்ற கால் மேல் விழும். "நடந்தா சரியாயிடும்" என்று நடத்தவும் வேண்டாம்.

லாடத்தை அது தேயும் வரை விட்டுவைக்காமல், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி கட்டுங்கள். ஆணி குத்தினால் ரண ஜன்னி (டெட்டனஸ்) வரலாம், குதிரைக்கு அது எளிதில் தொற்றும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். முன்பக்கம் முழுதாகப் புதுசாக ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அந்தக் குதிரையை இன்னும் சாரட்டில் பூட்டவில்லை. பூட்டச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

உங்கள் குதிரை நன்றாக இருக்கும்போதே, சாயங்காலம் தீனி வைக்கிற நேரத்தில் குளம்பைத் தொட்டு, கணுவில் நாடி பார்த்துப் பழகுங்கள். என்றைக்காவது அந்த நாடி பலமாக விரலில் இடித்தால், எண்ணெய் பாட்டிலை எடுக்காமல் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள்.