புதிய தலைநகருக்குப் பக்கத்தில் மனை வாங்கும் முன்

"சார், தலைநகரத்துல ஒரு பிளாட் பார்த்திருக்கேன். வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுங்க" என்று கொளத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மேசையில் அவர் விரித்த விளம்பரத் தாளில் ஆந்திரத்தின் புதிய தலைநகரான அமராவதியின் சட்டமன்றக் கூர்கோபுரம், கிருஷ்ணா நதி, அகலமான சாலை எல்லாம் இருந்தன. மனை எந்த இடத்தில் என்று மட்டும் தெரியவில்லை. "தலைநகருக்கு 10 நிமிடம்" என்று ஒரே ஒரு வரி.

சென்னையில் இருபது வருடமாக ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன். புதிய நகரம் வருகிறது என்றால் எல்லோரும் என்னிடம் கட்டடங்களின் படத்தைத்தான் காட்டுகிறார்கள். நான் தேடுவது திட்ட வரைபடத்தின் எல்லைக் கோட்டை. ஒரு தலைநகர் வந்தால் சுற்று வட்டாரம் என்ன ஆகும் என்பது அந்தக் கோட்டுக்கு வெளியேதான் தெரியும். நம்மவர்களின் சேமிப்பு போய் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

சண்டிகரைப் பாருங்கள். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால் பஞ்சாபுக்குத் தலைநகர் தேவைப்பட்டது. 1951-ல் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே நகரை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றார். 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் அளவில் செக்டார்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கடை, பள்ளி, பூங்கா. தலைமைச் செயலகத்தின் கான்கிரீட் வெயில்தடுப்புகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அவரோடு வேலை செய்த பியர் ஜான்னரே, மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ மூவரும் அரசு ஊழியர்களுக்காக வடிவமைத்த வீடுகள். அமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரை 13 வகை. பணம் குறைவு என்பதால் உள்ளூர்ச் செங்கல்லைப் பூசாமலே விட்டார்கள். அதே செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் வெயிலை மறைத்துக் காற்றை உள்ளே விட்டது. இன்று சென்னையில் நான் போடும் ஜாலிச் சுவருக்கு அந்த வீடுகள்தான் பாடம்.

சரி, எல்லைக்கு வெளியே என்ன ஆயிற்று? நகரைச் சுற்றி வயல் வயலாகவே இருக்கட்டும் என்று 1952-லேயே சட்டம் போட்டார்கள். 1966-ல் ஹரியானா பிரிந்தது. ஒரே ஊர் இரண்டு மாநிலங்களுக்குத் தலைநகர். பசுமையாக இருக்க வேண்டிய வளையத்திலேயே பஞ்சாப் தன் பக்கம் மொகாலியை எழுப்பியது, ஹரியானா தன் பக்கம் பஞ்ச்குலாவை எழுப்பியது. பிரேசில் நாட்டின் தலைநகர் பிரேசிலியாவில் இன்னும் சீக்கிரம். தலைநகர் திறக்கப்பட்டது 1960-ல். அதைக் கட்டிய தொழிலாளர்களுக்கு உள்ளே இடமில்லாததால், டாகுவாடிங்கா என்ற துணை ஊர் 1958-லேயே வெளியில் முளைத்துவிட்டது.

அமராவதியின் நிலத் திரட்டு முறையை நான் மதிக்கிறேன். விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள். மானாவாரி நிலமென்றால் ஏக்கருக்கு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனையும் 250 சதுர கஜம் வணிக மனையும் திரும்பக் கிடைக்கும். வளர்ச்சியில் நிலம் கொடுத்தவருக்கும் பங்கு. ஆனால் 2015-ல் அடிக்கல் நாட்டிய வேலை, 2019-ல் ஆட்சி மாறி மூன்று தலைநகர் என்ற பேச்சு வந்ததும் நின்றது. 2024-ல் மறுபடி ஆட்சி மாறிய பிறகுதான் உயிர் வந்தது. நடுவில் அரசுக் கோபுரங்களின் அடித்தளங்கள் வருடக்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. அவை இன்னும் உறுதியாக இருக்கின்றனவா என்று நம் சென்னை ஐஐடியிலிருந்து போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. நமக்கும் இது தெரிந்த கதைதான். ஓமந்தூரார் வளாகத்தில் சட்டமன்றத்துக்கென்று கட்டி 2010-ல் திறந்த கட்டடம், 2014-ல் மருத்துவமனையானது. கட்டடத்துக்காவது வேறு வேலை கிடைத்தது. தலைநகரை நம்பி நிலம் கொடுத்த விவசாயிக்குப் போன ஐந்து வருடம் யார் தருவார்கள்?

அந்தக் கோடையில் கொளத்தூர்க்காரரும் நானும் ரயிலேறி விஜயவாடா போனோம். தலைநகரின் திட்டப் பரப்பு 217 சதுர கிலோமீட்டர். அவர் மனை அதற்குள் இல்லை. கரிசல் மண், பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் கையை விட்டேன், மணிக்கட்டு வரை இறங்கியது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் இந்த மண்ணில், நாம் மணற்பாங்கான இடத்தில் போடும் அடித்தளத்தைப் போட்டால் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் குறுக்கே விரியும். அடியில் குமிழ் விட்ட அண்டர்ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், போட வேண்டும். செலவு கூடும். விளம்பரத் தாளில் அதெல்லாம் இல்லை.

அப்புறம் மனைப்பிரிவின் ஓரத்தில் ஒரு சிறுபாலத்தைப் பார்த்தோம். ஒரு பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்த தடம். மறுபக்கம் மண்ணைக் கொட்டி மேடாக்கி மனைக்கல் நட்டிருந்தார்கள். அவர் குனிந்து குழாய்க்குள் பார்த்துவிட்டு, "அப்போ தண்ணி எங்க சார் போகும்?" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. முன்பணம் கொடுப்பதை அங்கேயே நிறுத்திவிட்டார்.

இதை இப்போது எழுதக் காரணம், அதே மாதிரித் தாள்கள் நம் ஊரிலும் வரத் தொடங்கிவிட்டன. சென்னைப் பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்திருக்கிறது. திருமழிசை, மீஞ்சூர், செங்கல்பட்டு என்று புதுநகரத் திட்டங்கள் பேசப்படுகின்றன. ஏரியும் தாங்கலும் நிறைந்த பூமி இது. தி.நகரே 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான். ஆகவே மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபியின் ஒப்புதல் எண்ணை நீங்களே சரிபாருங்கள். பட்டாவோடும் வில்லங்கச் சான்றோடும் நின்றுவிடாதீர்கள். புல வரைபடத்தையும் கிராம வரைபடத்தையும் வாங்கி, பக்கத்துச் சர்வே எண்ணில் ஓடையோ வாய்க்காலோ ஏரியில் தண்ணீர் நிற்கும் உள்வாயோ இருக்கிறதா பாருங்கள். பூங்காவுக்கென்று விட்ட இடத்தை நடந்து போய்ப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை போய் நில்லுங்கள். மாசியில் பார்த்தால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.

கொளத்தூர்க்காரர் போன வாரம் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை திருமழிசைப் பக்கம். மழை பிடித்ததும் போகலாம், கிராம வரைபடத்தை வாங்கி வையுங்கள் என்றேன். "வாங்கிட்டேன் சார். நடுவுல ஒரு நீலக் கோடு போகுது" என்றார்.